வஞ்சிரம் பறந்த சனிக்கிழமை

என் தம்பி பொய்யன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் என் வண்டியின் செட்டிங்கை மாற்றினான். அதனால் நடந்ததற்குப் பழியைத் தூக்கி என் வலது காலின் மேல் போட்டான். அதையும் என்னிடம் தனியாகச் சொல்லவில்லை. சாந்தோமில் இருப்பவர்கள், வேளச்சேரியில் இருப்பவர்கள், துபாய்க்குப் போன பெரியப்பா பையன்கள் என்று மொத்தச் சொந்தமும் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் போட்டான்.

நான் பெண்கள் பள்ளியில் பி.டி. மிஸ்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். விசிலும் வெயிலுமாகவே வேலை பார்த்தேன். எனக்கு இங்கிதமாகப் பேச வராது. ஆனால் வண்டி நன்றாக வரும். முப்பது வருடம் கியர் வண்டி ஓட்டினேன். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பனகல் பார்க்கைச் சுற்றி ஓட்டியிருக்கிறேன். ஒருவர் மேலும் இடித்ததில்லை. என்மேல் இடித்தவர்களை இறங்கிப் போய்த் திட்டியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு எலெக்ட்ரிக் கார் வாங்கினேன். நடுவில் டிவி மாதிரி ஒரு பெரிய திரை. ஏசி, ரேடியோ, கண்ணாடி, எல்லாம் அதற்குள்ளே. எனக்கு அதில் ஏசி போடத் தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. வண்டி எப்போதும் ‘சிட்டி’ என்ற முறையில் கிளம்பும். சாதுவாக ஓடும். எனக்கும் என் கணவருக்கும் அது போதும். அவருக்கு முழங்கால் வலி, வண்டி ஓட்டவும் வராது.

என்னைவிட என் தம்பிக்குத்தான் அந்த வண்டி மேல் மோகம். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். வேளச்சேரியில் வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தோடு குரூப்பில் ஒரு வேத வசனம் போடுவான். அவன் மனைவி அவனைவிட பக்தி. ஒரு பூசை தவறினால் ஒரு வாரம் பேசமாட்டாள்.

இதெல்லாம் ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு வரும் நாள் என்பதால் அவன் குடும்பமும் காலைப் பூசைக்கு எங்கள் கோயிலுக்கே வந்திருந்தது. பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் நான் படிக்க வேண்டியது. கோயில் வாசலில் அவன் சாவிக்குக் கை நீட்டினான்.

“நீ உள்ள போக்கா. நான் வண்டிய நெழல்ல போட்டுட்டு பின்னாடியே வரேன்.”

கொடுத்தேன். பூசை முடிந்து வெளியே வந்தபோது கதவருகே நின்று, “சூப்பரா படிச்சக்கா” என்றான். வீட்டுக்கு அவனே ஓட்டினான். என் கணவர் மட்டும், “மாப்ள, கொஞ்சம் மெதுவா” என்று இரண்டு முறை சொன்னார். அவர் பார்க்கிங்கில் நிற்கும்போதே மெதுவா என்பவர், நான் கண்டுகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஆறு நாள் வண்டி எடுக்கவில்லை. கடை, மருந்து, எல்லாம் நடக்கிற தூரம்தான். சனிக்கிழமை காலை நொச்சிக்குப்பத்துக்கு மீன் வாங்க ஆட்டோவில் போன என் கணவர், முழு வஞ்சிரம் ஒன்றை வாங்கிவிட்டு, தூக்க முடியவில்லை என்று போன் செய்தார். வண்டியை எடுக்கப் போனேன். அவசரத்தில் திரையைப் பார்க்கவில்லை, ஆனால் அப்போதே அது கொஞ்சம் துள்ளியது. ஆறு நாள் சும்மா நின்ற வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காலை நேரம், ரோடு காலி. போய்ச் சேர்ந்துவிட்டேன்.

மீனைப் பையில் போட்டு முன்சீட்டில் வைத்தோம். கணவர் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் திரை ஓரமெல்லாம் சிவப்பு. கூடவே கீய்ங் கீய்ங் என்று சத்தம். முன்சீட்டில் கனமாக எதை வைத்தாலும் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து பெல்ட் போடச் சொல்லிக் கத்தும் வண்டி அது. சரி, மீனுக்கு பெல்ட் கேட்கிறது, கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். சிவப்பும் அதற்குத்தான் என்று நினைத்தேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

வழக்கமாக மிதிக்கிற மாதிரிதான் மிதித்தேன். வண்டி பாய்ந்தது. எதிரே கார்ப்பரேஷனின் பச்சைக் குப்பைத் தொட்டி. பிரேக்கை அழுத்தியும் பம்பர் தொட்டியைத் தொட்டுவிட்டது. சக்கரம் வைத்த தொட்டி தன்பாட்டுக்குப் போக ஆரம்பித்தது. அதன் நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து அதைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே பின்னால் போனது. உள்ளே வஞ்சிரம் பையைவிட்டுப் பறந்து, கண்ணாடியில் மோதி, என் மடியில் விழுந்தது.

மீன் விற்ற அம்மா எழுந்து வந்தார். அவர் கூடைக்கும் என் டயருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

“இன்னாம்மா டீச்சரம்மா, காலங்காத்தால ராக்கெட் வுட்டுக்கினு கீற? நண்டெல்லாம் பயந்துபோய் கீது பாரு.”

“வண்டி தானா போச்சும்மா.”

“தானா போச்சா? அந்த வஞ்சிரம் உசுரோட கடல்ல இருந்தப்பகூட இம்மாம் ஸ்பீடு போயிருக்காது.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் பின்சீட்டில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒரு புண்ணியவான் வீடியோ எடுத்திருந்தான். மத்தியானம் நான் அந்த மீனைக் குழம்பு வைத்து இறக்குவதற்குள் வீடியோ எங்கள் குரூப்புக்கு வந்துவிட்டது. அதன் கீழே தம்பி எழுதினான்: “அக்காவுக்கு வயசாகிட்டு வருது. பிரேக்குக்கு பதிலா ஆக்சிலேட்டர மிதிச்சிருக்காங்க. இந்த வயசுல இது சகஜம். மாமா, சாவிய நீங்க வாங்கி வெச்சிடுங்க.” வரிசையாகக் கும்பிடு பொம்மைகள் வந்தன. துபாயிலிருந்து ஒருவன் ‘கெட் வெல் சூன் அத்தை’ என்று போட்டான். முதலில் நான் அவனுக்கு அத்தையே இல்லை, அக்கா.

என் கணவர் சாவியைத் தையல் பெட்டிக்குள் வைத்தார். “கொஞ்ச நாள் ஆட்டோல போலாம்மா” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் வேறு விஷயத்தில்தான். தம்பி சொன்னதை நானும் நம்பிவிட்டேன். மூன்று வாரம், சாப்பிடும்போதும் தூங்கும்போதும், என் வலது காலை ஒரு அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் பெண்களுக்கு ஓடக் கற்றுக்கொடுத்த கால் இது. எங்கே மிதிக்கிறோம் என்றுகூடத் தெரியாமல் போய்விட்டதா? ஆட்டோவில் ஏறினால் டிரைவர் பிரேக் போடும்போது என் காலும் சேர்ந்து அழுத்தும். அழுத்துவது சரியான கால்தானா என்று குனிந்து பார்ப்பேன்.

பம்பரில் கீறல் இருந்தது. ஆழ்வார்பேட்டை ஷோரூமுக்குப் போன் செய்தேன். வண்டியை எடுத்துப் போக ஒரு பெண் வந்தாள். கதவைத் திறந்ததும் நிமிர்ந்து நின்றாள்.

“மிஸ்?”

இந்த ஊரில் எங்கே போனாலும் நான் ஓட விட்ட ஒருத்தி இருப்பாள். இவள் லேட்டாக வந்ததற்காக மைதானத்தை நான்கு சுற்று ஓடியவளாம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் வண்டியில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். திரை ஓரம் மறுபடியும் சிவப்பு. மீன் இல்லை, சத்தமும் இல்லை, சிவப்பு மட்டும் இருந்தது.

“மிஸ், நீங்க ஸ்போர்ட் மோட்லயா ஓட்றீங்க? கெத்து மிஸ்.”

“அப்படின்னா?”

“கால் வெச்சாலே பறக்கும். அதுவும் இதுல பூஸ்ட் வேற போட்டு வெச்சிருக்கீங்க.”

“நான் ஏசி மட்டும்தாம்மா போட்டேன்.”

அவள் திரையைத் தொட்டுக் காட்டினாள். இது தெரியாமல் கை பட்டு மாறுகிற விஷயம் இல்லை. செட்டிங்குக்குள் போய், அதற்குள் இன்னொரு பக்கம் போய், கடைசியில் ஒரு எச்சரிக்கை வரும். ‘வண்டியின் உரிமையாளராகிய நான் இதன் அபாயத்தை அறிந்து ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பட்டனை விரல் எடுக்காமல் மூன்று விநாடி அழுத்த வேண்டும். பிறகு, அடுத்த முறையும் இப்படியே கிளம்பட்டுமா என்று கேட்கும். அதற்கும் ஆமாம் சொல்ல வேண்டும்.

“யாராவது ஆன் பண்ணா ஓனர் போனுக்கு மெசேஜ் வந்திருக்குமே மிஸ்.”

வந்திருந்தது. வண்டி ஆப்பில் நான் பிரித்தே பார்க்காத செய்திகள் குவிந்து கிடந்தன. அவள் தள்ளிக்கொண்டே போய் நிறுத்தினாள். பூஸ்ட் இயக்கப்பட்டது, உரிமையாளரின் ஒப்புதல் பெறப்பட்டது, ஞாயிறு காலை ஏழு நாற்பத்து மூன்று.

ஞாயிறு காலை ஏழு நாற்பத்து மூன்றுக்கு வண்டியின் உரிமையாளர் போனை அணைத்துவிட்டு, வாசக மேடையில், மைக் முன்னால், கோயில் நிறைய ஜனங்கள் பார்க்க முதல் வாசகம் படித்துக்கொண்டிருந்தார். சாவி யாரிடம் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் சிரித்தேன். வாசலில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் கணவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். என் காலுக்கு ஒன்றுமில்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் இரண்டு குதி குதித்தேன்.

அந்தப் பெண் அதை அணைக்கப் போனாள். “இரு” என்றேன். பழகாமல் மிதித்தால்தானே பாயும்? பழகிப் பார்க்கலாம். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். “பெருவிரலால மட்டும் மிஸ், முட்டை மேல கால் வெக்கற மாதிரி” என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அவளுக்கு விசில் ஊதியது போய், அவள் எனக்கு ஊதினாள். அடையாறு பாலத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் அழுத்தினேன். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. வேகக் கட்டுப்பாட்டைத் தாண்டவில்லை. ஆனால் அந்த வேகத்துக்கு வந்து சேர்ந்த விதம் இருக்கிறதே, அது வேறு விஷயம். திரும்பி வரும்போது இன்னொரு முறை பார்த்தேன். இப்போது அடுத்த முறையும் இப்படியே கிளம்புவதை மட்டும் எடுத்துவிட்டோம். வேண்டும்போது நானே பட்டனை மூன்று விநாடி அழுத்தி ஒப்புக்கொள்கிறேன். உரிமையாளர் நான்தானே.

தம்பிக்குப் போன் போட்டேன்.

“அப்டேட் வந்திருக்கும்க்கா. சில சமயம் தானாவே மாறும்.”

“அப்டேட் வந்து மூணு செகண்டு விரல் வெச்சு அழுத்துமாடா?”

அங்கே ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினான். “சும்மா பாத்தேன்க்கா. பார்க்கிங்லயே ரெண்டு ரவுண்டு. திருப்பி மாத்த மறந்துட்டேன். சாரிக்கா.”

“வீடியோ பாத்தப்ப தெரியலயா உனக்கு?”

“டவுட்டு வந்துச்சு.”

“அப்பறம் ஏன்டா கால் மேல போட்ட?”

“அவ பக்கத்துல இருந்தாக்கா. கடைசியில நின்னு பூசை பாத்தேன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், நான் பூசையில இல்லன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா. அதான் சாரி சொல்லிட்டேன்ல, விடுக்கா. குரூப்ல மட்டும் போடாத.”

நான் போடவில்லை. போட வேண்டியது நான் இல்லை. சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது. ஆனால் மீன் சந்தையில் இன்னும், “ராக்கெட் அம்மா வருது, கூடைய நவுத்துங்கடி” என்கிறார்கள். அது பரவாயில்லை, அவர்கள் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். சொந்தக்காரர்கள் சிரிப்பதில்லை. பாவம் பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு கல்யாணத்தில் படி இறங்கும்போது மூன்று பேர் என் கையைப் பிடித்தார்கள். அதை என்னால் தாங்க முடியாது.

தம்பி, நீ தனியாகச் சொன்ன சாரி எனக்கு வேண்டாம். பழியை எங்கே போட்டாயோ அங்கேயே வந்து எடு. எடுத்தால் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அடையாறு பாலத்தில் ஒரு சுற்று கூட்டிப் போகிறேன், உன் மனைவியிடம் உனக்காக நானே பேசுகிறேன். நாளைக் காலை ரோஜாப்பூவும் வசனமும் வேண்டாம். அதற்குப் பதிலாக இந்தக் கேள்விக்குக் குரூப்பில் எல்லோரும் பார்க்கப் பதில் எழுது: அந்த ஞாயிறு காலை ஏழு நாற்பத்து மூன்றுக்கு நீ எங்கே இருந்தாய்?