மணியனின் பல்லும் குரலும்

பல் டாக்டர் தொழிலில் ஒரு வசதி உண்டு: நாம் எவ்வளவு அளந்தாலும் வாயைத் திறந்து கிடப்பவரால் எதிர்த்துப் பேச முடியாது. ஐஸ் தண்ணீர் பட்டாலே கன்னத்தைப் பிடித்துக்கொள்ளும் என் சக கூச்சக்காரர்களே, பாறசாலையில் அந்த வசதி என்னைக் கவிழ்த்த கதையைக் கேளுங்கள்.

ராவ வேண்டாம்

உதியன்குளங்கரை ஆட்டோக்காரர் மணியனுக்குப் பல்லெல்லாம் பாதியாகத் தேய்ந்திருந்தது. சாயா குடித்தால் துடித்துப்போவார். கண் தெரியாமல் படுக்கையில் கிடக்கும் அம்மையைத் தினமும் தூக்கிக் குளிப்பாட்டிச் சோறூட்டுவது இவர்தான். தூக்கும்போது பல்லைக் கடித்துக் கடித்தே வந்த வினை. "பல்லை ராவிக் குறைச்சு கேப் போடுவியளோ?" என்று பயந்தார். வேண்டாம், பல்லின் நிறத்திலேயே பசை வந்திருக்கிறது, தேய்ந்த பல்லின் மேல் வைத்து நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடும் என்றேன். "உள்ளதைக் களையாம இருந்தா போரும் டாக்டரே."

கல்யாண போட்டோ

கல்யாண போட்டோவைக் கொண்டுவரச் சொல்லி, அதில் சிரித்த பல்லின் நீளத்துக்கே கட்டினேன். வேலை முடியும்வரை அவரைப் பேசவே விடவில்லை. கண்ணாடியைக் கொடுத்துவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். பேச்சில் லேசாக விசிலடித்தது; ரெண்டு நாளில் பழகிவிடும் என்று அனுப்பிவிட்டேன். என் உதவியாளர் லீலாவுக்கு மட்டும் திருப்தியில்லை. "ஆளு அதே ஆளு, சத்தம் வேறே ஆக்கும் டாக்டரே."

மூன்றாம் நாள்

மணியன் உட்காராமல் கண் கலங்கி நின்றார். குரலைக் கேட்டதும், யாரோ அந்நியன் தொடுகிறான் என்று அம்மை அலறுகிறாளாம். அவர் கையால் ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. மணியனின் தங்கை ஊட்டினாலும் "அவன் எங்கே?" என்று வாயை மூடிக்கொள்கிறாளாம். "எல்லாத்தையும் பெயர்த்து எடுங்கோ. எனக்குக் கூசினா சாரமில்ல, தாங்கிக்கிடுவேன்" என்றார்.

வெட்கமாகப் போயிற்று. நல்லவேளை, சொந்தப் பல்லில் கை வைக்கவில்லை, வைத்ததைக் குறைக்கலாம். கடைவாயை அப்படியே விட்டு, விசிலடிக்க வைத்த முன்பல் நுனியை மட்டும் துளித்துளியாகத் தேய்த்தேன். வீட்டில் தங்கை அம்மையின் காதில் போனை வைத்திருந்தாள். ஒவ்வொரு முறை தேய்த்ததும் மணியன், "அம்மே, சோறு தரட்டா?" என்பார். பதில் இல்லை. நாலாவது முறையும் இல்லை. ஐந்தாவது முறை போனில் மெலிந்த குரல் ஒன்று கேட்டது: "எலே மணியா, மூணு நாளா எங்கலே போன? எனக்குப் பசிக்குலே."

பல்லின் நீளத்தை அளக்க என்னிடம் ஏழெட்டுக் கருவிகள் உண்டு, சரியாக அளந்து சொன்னது என்னவோ கண் தெரியாத அந்த அம்மையின் காதுதான்.