புது வரப்பு காயும்வரை

முதலில் வலித்தது இடுப்பில் இல்லை, கவட்டியில், தொடை இடுக்கில். நாற்றங்காலில் இறங்கினால் உள்ளே முள் தைத்த மாதிரி இருக்கும். வாயு என்று பூண்டு தின்றேன், எண்ணெய் தேய்த்தேன். கீழே உட்கார்ந்தால் எழ முடியாமல் போன பிறகுதான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஆவணியில் மாற்றினார்கள்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். எனக்கு விளங்கினதை, என்னைப் போல இடுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன்.

துணைக்கு இருந்தவள் மல்லிகா, என் கொழுந்தனார் மனைவி. என்னைவிடப் பத்து வயது இளையவள். என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டுப் படுப்பாள். காலையில் கையூன்றாமல் எழுந்துவிடுவாள். ஒரு முனகல் கிடையாது. நான் தொடைகளுக்கு நடுவே தலையணை வைத்துக்கொண்டு, மல்லாந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வந்ததில் பாதி அவளுக்கு வரக்கூடாதா என்று இருக்கும். வயிற்றெரிச்சல்தான், வேறு பேர் சொல்லத் தெரியவில்லை.

டிஸ்லொக்கேஷன் (புது மூட்டின் பந்து கிண்ணத்தைவிட்டு நழுவுவது) பற்றி டாக்டரம்மா சொன்னார்.

"பின்பக்கமா தசையை வெட்டி விலக்கித்தாம்மா உள்ள போனோம். அந்தத் தசையையும் மூட்டு உறையையும் (மூட்டைச் சுற்றியிருக்கிற சவ்வு) திரும்ப இழுத்து, எலும்புல துளை போட்டு நூலால கட்டியிருக்கோம்."

"கட்டினது நிக்குமா?"

"ஒட்டற வரைக்கும் நூல்தான் தாங்கணும். ரொம்பக் குனிஞ்சாலோ, தாழ உக்காந்தாலோ, கால் மேல கால் போட்டாலோ பந்து பின்னாடி வந்து முட்டும். மூணு மாசம் பொறுத்துக்குங்க."

"புது வரப்புங்கிறீங்க. காயறதுக்குள்ள மிதிச்சா உடைப்பு எடுத்துக்கும்."

"அதேதாம்மா," என்று சிரித்தார்.

"அக்காவுக்கு யாரும் சொல்லிக் கேட்டுப் பழக்கமில்ல டாக்டர்," என்றாள் மல்லிகா. கேட்காமலே சொல்கிறவள்.

புரட்டாசியில் நடவு வந்தது. எங்கள் வீட்டில் முதல் நாற்று முடியை (நாற்றுக் கட்டு) பிரித்து வடகிழக்கு மூலையில் நடுவது மூத்த மருமகள். மாமியார் கண்மூடிய வருஷத்திலிருந்து நான்தான். என் வீட்டுக்காரர் காலமான வருஷமும் நான்தான் நட்டேன்.

"அண்ணி, இந்த வருஷம் மல்லிகா வைக்கட்டும்," என்றார் கொழுந்தனார்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"உங்களால குனிய முடியாதே."

"மூணு மாசம் தள்ளிப் போடுங்க."

"வாய்க்கால்ல விடற முறைத்தண்ணி நமக்காக நிக்குமா அண்ணி?"

நிற்காதுதான். அன்றைக்கே மல்லிகா நடவுக்குக் கட்ட அரக்குப் புடவையை எடுத்து உதறி வைத்ததைப் பார்த்தேன்.

வயலுக்கு நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். வாய்க்கால் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, உயரத்துக்கு இரண்டு தலையணை வைத்து உட்காரவைத்தார்கள். ஈரமண் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என் பாரத்துக்கு நாற்காலிக் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. முழங்கால் இடுப்புக்கு மேலே வந்தது எனக்கே தெரியவில்லை.

சூடம் காட்டினார்கள். வழக்கப்படி முதல் நாற்று முடியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்கள். இந்தத் தடவை மூத்தவள் எடுத்துத்தர, இளையவள் நடவேண்டும். மல்லிகா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நின்றாள். குலவை கேட்டதும் என் கை தானாகக் கீழே போனது.

பிட்டத்துக்குள் ஒரு இழுப்பு. நூல் விண்ணென்று நின்ற மாதிரி.

"அக்கா, குனியாதீங்க!"

குலவை நின்றுவிட்டது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் பார்க்க, மல்லிகா சேற்றோடு ஓடிவந்து என் மார்பில் கைகொடுத்துப் பின்னால் சாய்த்தாள். கொழுந்தனாரும் அவளுமாக நாற்காலியோடு என்னைத் தூக்கிக் கெட்டித் தரையில் வைத்தார்கள்.

"காலை அசைச்சுப் பாருங்க. நேரா இருக்கா?" என்றாள் மல்லிகா.

நேராகத்தான் இருந்தது. நழுவியிருந்தால் கால் குட்டையாகி உள்ளே திரும்பிவிடுமாம், ஊன்றவே முடியாதாம். அப்படி ஆனால் ஊன்றிப் பார்க்காதீர்கள், படுத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மல்லிகா நாற்று முடியை எடுத்து என் மடியில் வைத்தாள். "இப்பக் குடுங்க."

விழுந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. காப்பாற்றவும் அவளேதானா வரவேண்டும்?

"கோணலா வைக்காதடி," என்று கொடுத்தேன்.

"கோணலாப் போனா அடுத்த வருஷம் நீங்களே வந்து நேரா வைங்க."

மறுநாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். பந்து கிண்ணத்திலேயே இருந்தது. தைத்த சதை படத்தில் தெரியாதாம். கையால் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் நின்னிருக்கும்மா. அதிர்ஷ்டத்தை இன்னொரு தடவை சோதிக்காதீங்க," என்றார் டாக்டரம்மா.

சோதிக்கவில்லை. உயரமான கட்டில், கழிவறையில் உயரமான இருக்கை, கீழே விழுந்ததை எடுக்க ஒரு கொக்கிக் கம்பு. முன்பெல்லாம் நினைப்பதற்குள் உடம்பு செய்துவிடும். இப்போது நான் நினைத்து, இடுப்பைக் கேட்டு, அது சரியென்ற பிறகுதான் நகர்கிறேன். ஒரு செம்பு தண்ணீர் எடுக்க அரைப்பொழுது ஆகிறது. மாதத்தை நாள்காட்டியில் பார்ப்பதில்லை. பயிர் கிளைத்துத் தூர் கட்டியது, கதிர் உள்ளே திரண்டு பொதி கட்டியது என்று கணக்கு வைத்துக்கொண்டேன். கதிர் வந்தபோது இடுப்புக்குள்ளே வரப்பும் காய்ந்திருந்தது. கைத்தடியோடு வயல்வரைக்கும் போகிறேன்.

மல்லிகா வைத்த மூலைதான் முதலில் பழுத்தது. நேராகத்தான் நட்டிருக்கிறாள். தையில் போய் நின்று பார்த்தேன். கதிர் மொத்தமும் தரையைத் தொடுகிற மாதிரி குனிந்து கிடந்தது. அதைக் குனியாதே என்று சொல்ல யாருமில்லை.

அதன்மேலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.