மூடித் திறந்த புகார்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில், தமிழில் பேசுவோரின் அழைப்புகளை ஏற்பது என் வேலை. குரல் உயரக் கூடாது, மன்னிப்புக் கேட்க மறக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள். இரண்டும் எனக்கு எளிதாகவே வந்தன.

கேரி தீவிலிருந்து ஒரு பெண் அழைத்தார். வீட்டுத் தொலைபேசி வேலை செய்யவில்லை. கணவரின் இருதய அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்ததும் மருத்துவமனை அந்த எண்ணுக்குத்தான் அழைக்கும். கைப்பேசிக்குச் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டுக்குள் அலை எட்டாது. கடைத்தெரு வரை நடந்து வந்து பேசினார். பின்னால் லோரிகள் இரைந்தன.

"தமிழ்ல பேசுறீங்க அக்கா, அதுவே பாதி தெம்பு. ஆளு எப்ப வருவாங்க?"

"ரெண்டு நாள்ல வந்துருவாங்க, மேடம்."

வரவில்லை. இரண்டு நாளைத் தாண்டிய புகார் எங்கள் பிரிவின் கணக்கில் குறையாக ஏறும். ஆகவே தாண்டுவதற்குள் 'தீர்ந்தது' என்று மூடிவிட்டு, அதையே புதிய புகாராகத் திறப்போம். புதிய புகார் வரிசையின் கடைசிக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். முதல்முறை தயங்கினேன்.

"என்ன லா யோசிக்கிற? மூடிட்டுத் தொற. அவங்களுக்கு எங்க தெரியப்போவுது?" என்றார் மேற்பார்வையாளர்.

மூன்று முறை மூடினேன். நடந்து வந்த மூச்சிரைப்போடு அவர் அழைத்தபோதெல்லாம் கனிவாக மன்னிப்புக் கேட்டேன்.

கடைசி அழைப்பில் மூச்சிரைப்பு இல்லை, வீட்டிலிருந்தே பேசினார்.

"நேத்து லைன் வந்துருச்சு அக்கா. ஆனா ஆஸ்பத்திரில போன வாரமே கூப்பிட்டாங்களாம். யாரும் எடுக்கலன்னு தேதிய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. இனிமே ஆறு மாசம் ஆவுமாம்."

மன்னிப்புக் கேட்டேன். பிறகு, எல்லோரிடமும் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"வேற ஏதாவது உதவி வேணுமா, மேடம்?"

"ஒன்னும் வேணாம். கடைசில மார்க் போடச் சொல்லுவாங்கல்ல, எப்பவும் உங்களுக்கு அஞ்சுதான் அமுக்குவேன். கொறச்சுப் போட்டா உங்கள தூக்கிட்டு வேற ஆள வெச்சிருவாங்க. அப்புறம் நாங்க யார்கிட்ட லா தமிழ்ல பேசுறது?"

ஐந்து அமுக்கினார். அந்த மாதம் சிறந்த சேவைக்கான சான்றிதழ் எனக்கு. கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன்.

ஆறு மாதம் கழிந்தது. அந்த மனிதருக்கு அறுவை சிகிச்சை நடந்ததா, அதுவரை அவர் இருந்தாரா என்று நான் கேட்கவில்லை. அந்த எண் என் திரையில்தான் இருந்தது. வாடிக்கையாளரைச் சொந்த விஷயமாக அழைக்கக் கூடாதென்று ஒரு விதி உண்டு. அதன் பின்னால் நின்றுகொண்டேன்.