பக்கத்து சீட்டு பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குச் சம்பளமே காலுக்குத்தான். எங்கள் காரில் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் மாஸ்டர் மிதிப்பார். மனைவிக்கோ மகனுக்கோ கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதிமிதியென்று மிதித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். நான் பெண்தான், ஆனாலும் என்னையும் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

யார் ஓட்டுவது?

போன மழைக்காலத்தில் ஒரு மாணவி ஓட்டும்போது ஈரத்தில் கார் வழுக்கி, சாலை நடுத்திட்டில் ஏறி நின்றது. இருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. ரோட்டில் ஈரம் தெரிந்தால் மிதிக்கும். ஓரமாகப் போகிற நாய் திரும்பிப் பார்த்தால்கூட மிதிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மயிலாப்பூர் வைதேகி மாமி கற்றுக்கொள்ள வந்தார். அவர் கணவருக்கு எலும்பில் புற்றுநோய். வாராவாரம் அடையாற்றில் ஆஸ்பத்திரி. ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் மனிதர் துடித்துப்போகிறார். அவரை அலுங்காமல் கூட்டிப்போக வேண்டும் என்பதற்காகவே இந்த வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் மாமி. நானோ வழியெல்லாம் காரைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். லஸ் பக்கம் மறுபடி மிதித்தபோது மாமி காரை ஓரங்கட்டினார். கோபப்படவில்லை, கண் கலங்கியிருந்தது.

“மாஸ்டர், நான் ஓட்டறேனா, நீங்க ஓட்டறேளா? இப்படிக் குலுக்கினா அவர் எப்படித் தாங்குவார்?”

மறக்க வேண்டிய பாடம்

ஆதம்பாக்கம் தினேஷ் என்னிடம் கார் கற்றவன். இப்போது தரமணியில் கம்ப்யூட்டர் வேலை. நாலு சக்கரமும் இழுக்கும் கார் ஒன்று வைத்திருக்கிறான். அவனும் நண்பர்களும் ஊருக்கு வெளியே ஒரு தனியார் மைதானத்தை வாடகைக்கு எடுத்து, தண்ணி லாரி வைத்து நனைத்து, அதில் காரை வேண்டுமென்றே வழுக்கவிடுவார்கள். டிரிஃப்ட் என்று பெயர். என் கதையைக் கேட்டதும், வழுக்கும் பயம் வழுக்கினால்தான் போகும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கையோடு கூட்டிப்போனான்.

ஸ்டியரிங்கை ஒடித்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொன்னான். பின்பக்கம் விலகியதும் “மாதாவே!” என்று காலை எடுத்துவிட்டேன். கார் பம்பரமாகச் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. தடுமாறினால் காலை எடு என்பதுதான் எங்கள் ஸ்கூலில் முதல் பாடம். இங்கே அதுவே முதல் தப்பு. பின்பக்கம் விலகும்போது அழுத்தத்தை அப்படியே வைத்திருந்தால், முன் சக்கரங்களும் சேர்ந்து இழுத்துக் காரை வெளியே கொண்டுவந்துவிடுமாம்.

“‘காலை எடு’ன்னு நீங்க திட்டித் திட்டிச் சொன்னதை மறக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு மாஸ்டர். நீங்க ஒரே நாள்ல மறந்துடுவீங்களா?”

ஆரஞ்சுக் கூம்பு

மைதானத்தின் நடுவே ஒரு பிளாஸ்டிக் கூம்பு. அதைச் சுற்றித்தான் வழுக்க வேண்டும். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் கை தானாக அந்தப் பக்கம் திருப்பும் என்றான் தினேஷ். நிறுத்தி வைத்த ஸ்கூட்டரையே பார்த்து, அதன் மேலேயே போய் ஏற்றும் மாணவர்களுக்கு நானும் இதைத்தான் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். இருந்தும் என் கண் கூம்பை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு தடவையும் அதை இடித்தேன். ஒருமுறை காருக்கடியில் சிக்கி, மைதானம் முழுக்கக் கூடவே வந்தது.

தண்ணி லாரி டிரைவர் இறங்கிவந்து கூம்பை இழுத்தெடுத்து, தட்டி நிமிர்த்தி, என்னைப் பார்த்தார்.

“நானும் பாத்துகினேகீறேன்... இன்னாக்கா, இதுக்கும் உனுக்கும் எதுனா வாய்க்கா தகராறா?”

இடது பக்கம்

வெயில் ஏறும் நேரத்தில் ஒரு தடவை சரியாக வந்தது. பின்பக்கம் விலகியது, கால் நகரவில்லை. கூம்பைத் தாண்டி, மைதானத்து வாசலைப் பார்த்தேன். கார் வழுக்கிக்கொண்டே அரைவட்டம் போட்டு, நான் பார்த்த இடத்தை நோக்கி நேரானது. சிரிப்பதற்குப் பதில் அழுதுவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், என் வழக்கமான இடத்தில் தினேஷ் கைகட்டி உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறான். இத்தனை தடவை சுற்றினேனே, உனக்குப் பயமாகவே இல்லையா என்று கேட்டேன்.

“இருந்துச்சு மாஸ்டர். ஆனா இந்தப் பக்கம்தான் பிரேக்கே இல்லியே. உங்களை நம்பறதைத் தவிர நான் வேற இன்னா பண்றது?”

இரும்புத் தகடு

என் ஸ்கூல் காரில் இரண்டு சக்கரம்தான் இழுக்கும். மைதானத்து வித்தை அதற்கு உதவாது. தினேஷின் கட்டிய கையைத்தான் நான் கொண்டுவந்தேன். லைசென்ஸ் வாங்கிய பிறகும், மாஸ்டர் பக்கத்தில் இல்லாமல் கணவரை ஏற்ற மாட்டேன் என்று மாமி பிடிவாதம் பிடித்தார். அதனால் ஸ்கூல் காரிலேயே நானும் கூடப் போனேன். மாமா பின்சீட்டில் இரண்டு தலையணைக்கு நடுவில் சாய்ந்திருந்தார். அடையாறு நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

ஒரு திருப்பத்தில் பள்ளத்தை மூடியிருந்த இரும்புத் தகட்டில் சக்கரம் ஏறியது. கார் லேசாகப் பக்கவாட்டில் நழுவியது. என் கால் துள்ளி எழுந்தது. பிரேக்குக்கு மேலே அப்படியே நின்றது. அந்த நேரத்தில் மிதித்திருந்தால் கார் எங்கே போய் நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். மாமியைப் பார்த்தேன். அவர் தகட்டையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ரோடு போகும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் தாரைப் பிடித்தது. நான் காலை மடக்கி சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய பிறகுதான் மாமி மூச்சு விட்டார். திரும்பி, “ஏன்னா, வந்தாச்சு” என்று மெதுவாகக் கூப்பிட்டார். மாமா கண்ணைத் திறந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

“அதுக்குள்ள வந்துடுத்தா? நன்னா தூங்கிட்டேன் போலருக்கே.”

இத்தனை வருஷம் மிதித்ததற்கு மாதாமாதம் சம்பளம் வாங்கியவள் நான். மிதிக்காமல் இருந்ததற்குக் கிடைத்தது, பின்சீட்டில் ஒரு மனிதர் தூங்கிய அந்தத் தூக்கம்தான்.