பால் பொங்கிய போறணை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் குசினிச் சுவரில், சமையல் அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எலி ஓடுகிற ஓட்டை அல்ல. நான் காலை மடக்கி ஏறி உட்காரக்கூடிய சதுர ஓட்டை. முன்பு அதற்குள் கேக் சுடுகிற கரண்டுப் போறணை ஒன்று இருந்ததாம். கொழும்பில் யாரோ பெரிய மனிதர் வீட்டுச் சுவருக்குள் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த பெரியம்மா, தனக்கும் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். வீட்டைக் கட்டும்போதே அம்மாவின் அப்பா இடம் விட்டுக் கட்டிவிட்டார். கடல் கலக்கிற வாவிக்காற்றின் உப்பு அந்தப் போறணையைத் துருவாகத் தின்று முடித்தது. மிஞ்சிய ஓட்டையில் அம்மா வெங்காயக் கூடை வைத்தார், கூடை இல்லாத நேரத்தில் நான் இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்தவளுக்கு முதல் வீடு, அடுத்தவளுக்கு அடுத்தது. பெரியம்மா கல்யாணம் முடித்துச் சில வருடங்களில் குடும்பத்தோடு கனடா போனார். அம்மாவின் வீட்டுக்கென்று பக்கத்து வளவில் போட்ட அத்திவாரம் முழங்கால் உயரம் வந்தபோது அம்மாவின் அப்பா கண்ணை மூடிவிட்டார். "நான் வருமட்டும் நீ இரு" என்று பெரியம்மா சொன்ன வாய்ச்சொல்லில்தான் நாங்கள் குடியிருந்தோம். வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும். என் காதிலும் விழுந்துதான் இருக்கும், ஆனால் பிறந்ததிலிருந்து படுத்தெழும்புகிற வீட்டை இன்னொருவருடையது என்று எந்தப் பிள்ளை நினைக்கும்?

ஒருநாள் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பெரியம்மா கனடாவிலிருந்து போன் எடுத்தார். அந்த ஓட்டை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, நான்தான் அதற்குள் இருந்து பேசுகிறேன் என்றேன். சிரித்துவிட்டு அதை அளந்து சொல்லச் சொன்னார். பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்து நீளம், அகலம், ஆழம் எல்லாவற்றையும் இரண்டு தடவை அளந்து சொன்னேன். எதை அளக்கச் சொன்னாலும் அளக்கிற வயது. வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாலைந்து மாதத்தில் கப்பலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே புதுப் போறணை. அன்றைக்கே பெரியம்மா போனில் அம்மாவிடம் பேசினார். சத்தமாகப் பேசுகிறவர், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "அந்த ஓட்டைக்குள்ளயே வச்சுப் பூட்டு, தங்கச்சி. அது வேலை செஞ்சாச் சொல்லு, நான் டிக்கெட் பாக்கிறன். இவ்வளவு வருசமாக் குளிருக்க இருந்தது காணும். எண்ட வீட்டில வந்து இருக்கப்போறன்." அம்மா "ஓம் அக்கா" என்றார். போனை வைத்த பிறகும் ஒருமுறை "ஓம்" என்றார்.

பெரியம்மா வரப்போகிறார் என்று நான் துள்ளினேன். அம்மா அந்தப் பெட்டியைத் திறக்காமல் ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், வைத்திருந்தார்.

அம்மாவின் தம்பிதான் வயரிங் செய்ய வந்தார். கல்குடாப் பக்கத்து ஹோட்டல்களில் கரண்டு வேலை செய்கிற மாமா, கையில் டெஸ்டர் இல்லாமல் சோறும் தின்னமாட்டார் என்று அப்பா நக்கலடிப்பார்.

"இது உள்ள கொள்ளாது போல கிடக்கு, தம்பி. சுவரை உடைக்க வேணாம், திருப்பி அனுப்புவம்" என்றார் அம்மா.

மாமாவும் அப்பாவும் தூக்கி வைத்தார்கள். ஓட்டைக்கென்றே செய்ததுபோல் போய் இருந்தது.

"அளவெடுத்து அனுப்பினமாதிரி இருக்கே அக்கா!"

"நாந்தான் அளந்தன்!" என்று கத்தினேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் வெங்காயக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த இரண்டு நாளும் நான் மாமாவின் வாலாகத் திரிந்தேன். கூரை ஓட்டுக்குக் கீழே ஏறிப் பார்த்தபோது பழைய வயரை எலிகள் கொறித்துச் செம்பு தெரிந்தது. மாமா அதை உருவி எறிந்துவிட்டு, மெயின் போர்டிலிருந்து பெருவிரல் மொத்தத்தில் புது வயர் இழுத்து, போறணைக்கென்று தனிச் சுவிச்சும் வைத்தார். சுவரில் எங்கள் வயர்கள் சிவப்பு, கறுப்பு, பச்சை. போறணையின் பின்னாலோ சிவப்பு, கறுப்பு, வெள்ளை, உறை இல்லாத வெறும் செம்பு. கணக்கு உதைத்தது. மாமா தலையைச் சொறிந்துகொண்டு பின்னால் ஒட்டியிருந்த படத்தை அரைமணி நேரம் பார்த்தார்.

"அங்க கறுப்பிலயும் கரண்ட் வருமாம் புள்ள. நம்மட கறுப்பு திரும்பிப் போற வழி."

"அப்ப வெள்ளை?"

"அது உள்ளுக்க எரியிற லைட்டுக்கு. நம்மட கரண்டுக்கு அந்த லைட் சரிவராது, மூடிக் கட்டிருவம்."

"செம்பு?"

"எர்த். நீ கேட்டுக் கேட்டே எனக்குச் சோக் அடிக்கப்போகுது."

சுவிச்சைப் போட்டதும் உள்ளே கம்பி மெல்லச் சிவந்தது. நெருப்பு இல்லாமல் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன்.

அப்போது அம்மா பால் பானையோடு வந்தார். புது அடுப்பென்றால் முதலில் பால் பொங்க வேண்டும், பொங்கி வழிய வேண்டும் என்றார். மாமா பதறினார். "அக்கா, இது கரண்ட். இதுக்க வழியப்படாது." அம்மா அசையவில்லை. "பால் பொங்காம இந்த வீட்டில ஒரு அடுப்பும் எரிஞ்சதில்ல" என்று பானையைக் கம்பிக்கு மேலேயே வைத்துக் கதவைச் சாத்தினார். விளக்கில்லாத இருட்டுக்குள் பால் என்ன செய்கிறதென்று தெரியாமல் எல்லோரும் குந்தியிருந்தோம். நெடுநேரம் கழித்துப் பொங்கியது, நன்றாகவே வழிந்தது. புகை வந்தது, கருகல் மணம் வந்தது, டக்கென்று ட்ரிப் சுவிச் விழுந்தது. மாமா நாலு தடவை தூக்கிவிட்டார். நாலு தடவையும் விழுந்தது.

"மச்சான், வீட்டைக் கொளுத்த முதல் அதைக் கழட்டு" என்றார் அப்பா. மாமாவின் முகம் தொங்கிப்போனது. அம்மாவின் முகம் மட்டும் அந்தக் கிழமையில் முதல் தடவையாக வெளித்திருந்தது. "போகட்டும் தம்பி, நீ என்ன செய்வாய்? வேலை செய்யல்ல எண்டு அக்காட்டச் சொல்றன்" என்று எல்லோருக்கும் தேத்தண்ணி போடப் போனார். தெரிந்துதான் பாலை வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா என்று பிற்காலத்தில் பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்கத் துணிவு வரவில்லை.

நான் விடுவதாக இல்லை. மாமா மெயினை நிறுத்தியிருந்தார். போறணை ஆறியதும் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். பால் கம்பி வழியே ஓடி, அது சுவருக்குள் நுழைகிற துளையில் போய் நின்றிருந்தது. "மாமா, பால் பின்னாலயும் போயிருக்கு!" என்றேன். மாமா துள்ளி எழுந்தார். இரண்டு ஆணியைக் கழற்றிக் கம்பியை வெளியே இழுத்தார். வயர் பூட்டிய இடம் பாலில் ஊறிக் கிடந்தது. துடைத்து, பின்னேரம் வரை வெயிலில் காயவைத்து, திரும்பப் பூட்டினார். சுவிச் விழவில்லை. கம்பி சிவந்தது.

"கெட்டிக்காரி!" என்று மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். இறங்கிய கையோடு நான் ஓடிப்போய்ப் பெரியம்மாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே விடிந்தும் விடியாத நேரம். "பெரியம்மா, வேலை செய்யுது! வாங்க!" என்றேன். அடுத்த மாதமே வருவதாகச் சொல்லி அவர் அழுதார். அதை வீடு முழுக்கக் கத்திச் சொன்னேன்.

அம்மா குசினியில் போறணைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"அம்மா, முதல்ல என்ன சுடுவம்?"

"பெரியம்மா வந்து சுடட்டும், மகள். அது அவட போறணை."

அனுப்பியவருக்கு முதல் மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்தேன். அம்மா எவ்வளவு நல்லவர் என்று அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.