கலாட்டா என்றால் என்ன?

மல்லிகா, இதை யாரிடமும் காட்டாதே. உன் அக்காவிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மாடி முழுக்க மண்ணெண்ணெய் அடுப்பு வாசம் அடிக்குமே... நீயும் அப்போது அங்கேதானே இருந்தாய். மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்துக் குடியிருந்தவர்கள் எல்லாம் இங்கிலீஷ் கடிதங்களோடு வந்து நிற்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாடியில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான். அப்பா என்னை அரிசி டின் மேல் ஏற்றி நிறுத்துவார்.

"சத்தமா படி தாயி! சிராங்கூன் ரோடு வரைக்கும் கேக்கணும்!"

கத்திக் கத்திப் படிப்பேன். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை...

போன மாதம் நான் பெரியவளானேன். சடங்கு முடிந்த மறுநாளே, இனிப் பள்ளிக்கூடம் கிடையாது என்றார் அப்பா.

"நான் நிக்க மாட்டேம்ப்பா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், மல்லிகா. அடுத்த தடுப்புக்குக்கூடக் கேட்டிருக்காது.

"என்னடி கலாட்டா பண்றே?" என்றார் அம்மா.

"இங்கிலீஷ் படிச்சா கலாட்டாதான். நான் அப்பவே சொன்னேன்லா!" என்று சிரித்தார் சித்தப்பா.

அவரும் கூட்டாளிகளும் பலகை அதிரச் சீட்டாடிக் கத்துகிறார்களே, அது பொழுதுபோக்காம். தம்பி சோற்றுத் தட்டை எட்டி உதைத்தால், ஆம்பளப் பிள்ளையாம். எங்கள் வீட்டில் கலாட்டா என்பது சத்தம் போடுவது இல்லை. நான் மாட்டேன் என்பதுதான்.

இதைவிடக் கொடுமை, என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிற கடிதத்தையும் என்னையே எழுதச் சொன்னார்கள். வேறு யாருக்கு இங்கிலீஷ் தெரியும்?

எழுதினேன், ஆனால் அவர்கள் சொன்னதை இல்லை. 'மகளுக்கு உடம்பு சரியில்லை. திங்கட்கிழமை வந்துவிடுவாள். அவள் இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.'

அப்பா அதன் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார். "கெட்டிக்காரி" என்று தலையைத் தடவினார். எனக்கு அழுகை வந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

இன்று டீச்சரின் பதிலை வகுப்புத் தோழி கொண்டுவந்தாள். அப்பா வாசலிலேயே வாங்கிக்கொண்டார். முதல் தடவையாக ஒரு கடிதத்தை என்னிடம் தரவில்லை. கீழே புதிதாகக் குடிவந்திருக்கும் ஆபீஸ் குமாஸ்தா, அந்தக் கிராணியார், வேலை முடிந்து வந்ததும் படித்துச் சொல்லக் கேட்பதற்காக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அடிக்கட்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை நான் போவேன். எல்லோருக்கும் கேட்கும்படியே சொல்லப் போகிறேன், அப்பா, நீங்கள்

தட்டுகிறார்கள். கதவிடுக்கில் பார்த்தேன். மல்லிகா, அப்பாதான், கையில் அந்த