கற்பூரம் அணையும் வரை

பொள்ளாச்சி தாண்டி உடுமலைக்குப் போகும் சாலையில், ஒரு புளியமரத்தடியில் ஏற்றிய கற்பூரம் எரிந்து அணையும் வரை நான் என் அக்கா மகள் முன்னால் கைகூப்பி நின்றேன். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. உடம்பு நடுங்கியது. நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து வழிந்தது. வாய் ஏதோ குழறியது. முருகன் அருள் வந்துவிட்டது என்று காவடிக் கூட்டம் முழுவதும் அவளைச் சுற்றிக் கும்பிட்டது. அது அருள் இல்லை என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பதினொரு வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. மச்சான் துபாயில் இருந்ததால், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் பஸ்ஸில் கூட்டிப்போனது நான். பள்ளியில் அவள் கபடி ஆடுவாள். விளையாட்டை நிறுத்திவிடச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டு போனோம். டாக்டரம்மா ஆடச் சொன்னார். ஓடினால் ஆடினால் சர்க்கரை கட்டுக்குள் நிற்கும், ஆனால் அதிகம் ஓடுகிற நாளில் ஊசி மருந்தைக் குறைக்க வேண்டும், இடையிடையே விரலில் குத்திப் பார்க்க வேண்டும், கையில் எப்போதும் இனிப்பு இருக்க வேண்டும் என்றார். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். இருந்தும் அந்த மூன்றும் எனக்கு மனப்பாடம்.

அக்காவுக்கு வேறு கவலை. "கட்டிக் குடுக்கற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுடா தம்பி" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மச்சானின் சொந்த அண்ணனுக்கே தெரியாது. அந்த வருடம் தைப்பூசத்துக்குச் சர்க்கரைக் காவடி எடுத்தவர் அவர்தான். அக்கா மாடுகன்றைப் பார்க்க வீட்டில் நின்றுவிட்டாள். மகளை என்னை நம்பி அனுப்பினாள்.

பழனிக்கு நடக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் காலை அவள் மறைவாகப் போய் வழக்கமான அளவே ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். குறைத்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தது. விரத நடை என்பதால் எல்லோரையும் போல அவளும் ஒரு வாழைப்பழத்தோடு கிளம்பினாள். குளுக்கோஸ் பொட்டலம் என் பையில் இருந்தது. பை, சாமான் ஏற்றிய டெம்போவில் முன்னால் போய்விட்டது. வெயில் ஏறி மூன்று மணி நேரம் நடந்த பிறகு அவள் கால் பின்னியது.

"என்ன குறைன்னு கேளுங்க, சாமி பேசுது" என்றார் காவடி எடுத்த அவள் பெரியப்பா. ஒரு அம்மாள் அவள் பாதத்தில் தண்ணீர் ஊற்றினாள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அத்தனை பேர் கை தூக்கியபோது என் கையும் உயர்ந்தது. வாய் திறந்தால் அக்காவின் ரகசியம் போய்விடும் என்று நினைத்தேன். அதை மட்டும்தான் நினைத்தேனா, கூட்டத்தில் பேசக் கூச்சமா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. கற்பூரம் அணைந்தது. அவள் கண் மேலே செருகத் தொடங்கியது.

"இது சாமியில்லீங்க. புள்ளைக்குச் சக்கரை எறங்கிப் போச்சு" என்றேன். சொல்லிக்கொண்டே காவடிக் குடத்தின் மஞ்சள் துணியை அவிழ்த்தேன். பெரியப்பா என் கையைப் பிடித்தார். உதறிவிட்டு, பழனிக்கு நேர்ந்த நாட்டுச்சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாயில் ஊற்றினேன். விழுங்கினாள். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அக்கா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

அன்றே ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: "அவிங்களுக்குத் தெரியாது, கும்புட்டாங்க. நீங்க ஏனுங்க மாமா கும்புட்டீங்க?"

நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வருடமாகிவிட்டது. இந்தத் தைப்பூசத்துக்கும் அவள் நடந்தாள். மேல்கையில் வட்டமாக ஏதோ ஒட்டியிருக்கிறது. போனை எடுத்துப் பார்த்தால் சர்க்கரை அளவு தெரிகிறது. மடத்துக்குளம் அருகே நின்று, "எறங்குதுங்க, அஞ்சு நிமிசம் உக்காந்துட்டு வர்றேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பெரியப்பா முதல் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கடலைமிட்டாயை உடைத்துத் தின்றவள் எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அன்று பஸ்ஸில் கேட்டதை அவள் மறந்திருக்கலாம். அவள் மறந்துவிட்டாளா என்று நானாகக் கேட்கவில்லை. அளவு ஏறியதும் எழுந்து நடந்தாள். நான் நாலடி பின்னால் நடந்தேன்.